இறந்தவருக்கு வந்த ஓ.டி.பி.

சரக்கு மற்றும் சேவை வரி விதிகளில் இருபத்து மூன்றாவது விதி தெளிவாகவே இருக்கிறது. ரத்தான பதிவை மீட்டுத் தரும்படி ஒருவர் விண்ணப்பித்தால், விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் அலுவலர் ஆணை பிறப்பிக்க வேண்டும். மீட்டுத் தர மனமில்லை என்றால், ஏன் நிராகரிக்கக் கூடாது என்று கேட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். எல்லா இடத்திலும் ‘வேண்டும்’ என்றுதான் போட்டிருக்கிறது. வருவாய்த்துறையில் தலை நரைத்தவன் என்ற முறையில் இந்தச் சொல்லை அலுவலகத்தில் எப்படிப் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மேலே இருப்பவர் கூப்பிட்டுக் கேட்கும் வரை அதை ‘பார்க்கலாம்’ என்று படிப்பார்கள். நானும் அப்படிப் படித்துத்தான் ஓய்வு பெற்றேன்.

வரி விதிகள் எனக்குத் தேவைப்பட்டிருக்கக் கூடாது. நான் பார்த்தவை பட்டா மாறுதல், சாதிச் சான்று, ஏரி ஆக்கிரமிப்பு. வரிச் சட்டத்தை வயதான காலத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்க வேண்டி வந்தது என் மகளுக்காக.

மகள் மாரண்டஹள்ளியில் துணிப்பை தைக்கும் கூடம் வைத்திருந்தாள். ஏழு மோட்டார் தையல் மிஷின், துணி வெட்ட ஒரு நீள மேசை, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து தைத்துவிட்டுப் போகும் ஆறு பெண்கள். ஏழாவது மிஷினில் அவளே உட்காருவாள். அதற்கு முன் ஓசூரில் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றபோது, மாதச் சம்பளத்தின் அருமை பற்றி நான் நீளமாகப் பேசினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

“உங்களுக்கு ஒண்ணாந்தேதியானா தன்னால வந்துடும்பா. எனக்கு நான் தெச்சாத்தான் வரும். அது எனக்குப் புடிச்சிருக்குது.”

கூடத்து வாசலில் அவள் பெயரில் ஒரு பலகை. பலகையில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்பது பதினெட்டாவது விதி. அதைச் சொல்லி எழுத வைத்தவன் நான். பைகளில் பெரும்பகுதி பெங்களூரில் ஒரு மொத்த வியாபாரிக்குப் போனது. அவரும் தமிழர்தான், இனிப்புக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் பை கொடுப்பவர். மாநில எல்லை தாண்டிச் சரக்கு போனால் வியாபாரம் எவ்வளவு சிறிதானாலும் பதிவு கட்டாயம். எங்கள் ஊரில் எல்லை என்பது மூன்றாவது பஸ் நிறுத்தம் மாதிரி. ஆகவே இங்கே எதையாவது செய்து விற்கிறவர் எல்லோருக்கும் பதிவு வேண்டியிருந்தது. பதிவு இருந்தவர் எல்லோருக்கும் ஆடிட்டர் வேண்டியிருந்தது.

ஆடிட்டர் என்பது ஊர் கொடுத்த பட்டம். அவர் பி.காம். படித்து, சேலத்தில் ஓர் உண்மையான ஆடிட்டரிடம் சில காலம் இருந்துவிட்டு வந்தவர். பஸ் நிலையத்துக்கு எதிரே உரக்கடை மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. சொந்தத் தொழில் செய்கிற ஒருவருக்கு என்னென்ன உதவி தேவையோ அத்தனையும் அந்த அறையில் கிடைத்தது. கணக்கு எழுதுவார். வரி கட்டுவார். பேங்க் மேனேஜர் கேட்கும் அறிக்கையை அவர் கேட்கும் நிறத்தில் தயார் செய்வார். வாடகை ஒப்பந்தம் அடிப்பார், இன்சூரன்ஸ் புதுப்பிப்பார், உணவு உரிமம் எடுத்துத் தருவார், பாகம் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் தகராறு என்றால் யோசனையும் சொல்வார். நான் வேலை பார்த்த இடத்தில் இதற்கெல்லாம் தனித்தனிப் பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கண்காணிப்பாளர், அவர் விடுப்பில் போனால் யார் பொறுப்பு என்பதற்கு ஓர் ஆணை. இங்கே எல்லாப் பிரிவும் ஒரே மனிதர். மனிதர் நல்லவர். அதுதான் பிரச்சினை, நல்லவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருக்குப் பதிவு எடுத்தாலும் கைபேசி எண் என்ற இடத்தில் தன் எண்ணையே போடுவார். மின்னஞ்சலும் தன்னுடையதே. அரசாங்கம் அனுப்புகிற ஓ.டி.பி. நேராக அவருக்கே வந்துவிடும். கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் தொல்லை இல்லை. கடைக்காரர்களுக்கும் அது நிம்மதி. மகள் மட்டும் முதல் நாளே கேட்டிருக்கிறாள்.

“என் நம்பரையே போடலாமே சார்?”

“போடலாம்மா. சைட்டு விடியக்காலைலதான் ஒழுங்கா ஓடுது. அஞ்சு மணிக்குக் கூப்பிட்டு நம்பர் சொல்லுன்னு கேப்பேன். எந்திரிப்பீங்களா?”

அவள் சிரித்துவிட்டுச் சரி என்றிருக்கிறாள். இது முறையில்லை என்று நான் வீட்டில் சொன்னேன். என் மனைவி கீரையை ஆய்ந்துகொண்டே, “ஊரே அவருகிட்ட நம்பரைக் குடுத்துட்டு நிம்மதியா இருக்குது. உங்களுக்கு மட்டும் எல்லாத்துலயும் முறை வேணும்” என்றாள். விஷயம் அத்துடன் முடிந்தது.

சித்திரை கடைசியில் ஒரு நாள் மதியம் நான் கூடத்தில் இருந்தேன். பெங்களூர் வியாபாரி கூப்பிட்டார். மகள் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் போனை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படிப் பேசினாள்.

“மேடம், உங்க நம்பரைப் போட்டுப் பாத்தா கேன்சல்னு வருது.”

“என்ன கேன்சல் சார்?”

“உங்க ஜி.எஸ்.டி. ரெஜிஸ்ட்ரேஷன். என் அக்கவுண்டன்ட் குதிக்கிறாரு. நீங்க போட்ட பில்லுக்கு நான் வரியைக் கழிச்சுக்க முடியாது. கழிச்சா எனக்கு நோட்டீஸ் வரும்.”

“தப்பா காட்டும் சார். ஆடிட்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்.”

“கேளுங்க. உங்க தையல் எனக்குப் புடிக்கும், அது வேற. பில் இல்லாம ஒரு பை கூட எடுக்க மாட்டேன். தீபாவளி ஆர்டரை ஆவணி பொறந்ததும் குடுத்தாகணும். அதுக்குள்ள சரி பண்ணிக்குங்க.”

தைத்துக்கொண்டிருந்த ஆறு பெண்களும் ஒரே நேரத்தில் மிதியிலிருந்து காலை எடுத்தார்கள். தீபாவளி ஆர்டர்தான் அந்தக் கூடத்தின் வருஷம். அதை வைத்துத்தான் மற்ற மாதங்கள் ஓடும். அது இல்லையென்றால் கூடம் இல்லை. இது அவர்களுக்கும் தெரியும்.

ஆடிட்டர் போன் எடுக்கவில்லை. உரக்கடைக்குப் போனோம். மாடிக் கதவு பூட்டியிருந்தது. கடைக்காரர் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ரொம்ப நாளா தொறக்கறதே இல்லீங்க. சேலத்துல ஆஸ்பத்திரில இருக்காரு. கிட்னிங்க. போன வருஷத்துலேர்ந்தே வாரத்துக்கு ரெண்டு தடவை போயி ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வந்துட்டிருந்தாரு. உங்களுக்குத் தெரியாதா?”

எங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இடுப்பு வலி என்று சொல்லியிருந்தார். கணக்கெல்லாம் போட்டாச்சா என்று கேட்டால் “போட்டாச்சு, போட்டாச்சு” என்பார். மகளுக்கு வரி பெரிதாக வராது. துணி வாங்கும்போது கட்டிய வரியிலேயே கழிந்துவிடும். அதனால் கட்டச் சொல்லி அவர் கேட்காததில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. தொடர்ந்து கணக்கு போகாததால் அலுவலகம் ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருக்கிறது. கேள்வி அவர் போனுக்குப் போயிருக்கிறது. அவர் சேலத்தில் குழாய் மாட்டிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். பதில் இல்லை, ரத்து. எல்லாம் விதிப்படி. அவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். ஆடிட்டருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் ஊர் அடுத்த நாளே வேறு ஆடிட்டரிடம் போயிருக்கும். நான் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருக்கிறேன். அவரால் யாரிடம் எழுதிக் கொடுக்க முடியும்?

அந்த வாரமே அவர் போய்விட்டார்.

பஞ்சப்பள்ளிப் பக்கம் அவருடைய சொந்த ஊர். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள்; அடக்கம் செய்கிற வழக்கம். ஊர்க் கடைத்தெரு முழுக்க வந்திருந்தது. துக்கம் உண்மைதான், ஆனால் எல்லோர் முகத்திலும் இன்னொன்றும் இருந்தது. எனக்கு அது புரிந்தது, என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். குழிக்குள் இறக்கியதும், அவர் புழங்கிய பொருட்களைக் கூட வைத்தார்கள். கண்ணாடி, ஒரு பேனா, துண்டு. அவருடைய பெரியப்பா மகன் மடியிலிருந்து கைபேசியை எடுத்து, அதையும் துண்டுக்கு மேல் வைத்தார். வைத்த நொடியில் அது வெளிச்சம் போட்டு ஒரு முறை ‘ட்ர்ர்’ என்றது.

எனக்கு முன்னால் நின்ற இரும்புக் கடைக்காரர் செருப்பு சரிய மண்மேட்டில் இறங்கினார். “போன் தெகீரி, போன் தெகீரி” என்றார். போனை எடுங்கள் என்று பொருள். பெரியப்பா மகன் நிமிர்ந்து பார்த்தார். “ஏன் அண்ணா, சத்தவங்களுக்கு வெச்சது.” இறந்தவருக்கு வைத்தது என்கிறார். இரும்புக் கடைக்காரர் தமிழுக்கு மாறினார். “ஊரு ஜி.எஸ்.டி. எல்லாம் அதுக்குள்ளதாண்டா இருக்குது. அது போச்சுன்னா நாங்களும் அங்கயே படுக்க வேண்டியதுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் குனிந்து போனை எடுத்து, மண்ணைத் துடைத்து, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அது ஆடிட்டர் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது.

காரியம் முடிந்த மறுநாள் மகளும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் செருப்புகள் கிடந்தன. கூடத்தில் மாலை போட்ட படம், விளக்கு, படத்துக்குக் கீழே சார்ஜில் போட்ட போன். சுவரோரமாக நாற்காலிகளில் சிமெண்ட் கடைக்காரர், டிராக்டர் பாகம் விற்பவர், போர்வெல் லாரி வைத்திருப்பவர், அந்த இரும்புக் கடைக்காரர். ஒவ்வொருவர் காதிலும் ஒரு போன். மறுமுனையில் அவரவர் பிடித்திருந்த புது ஆடிட்டர். படத்துக்குக் கீழே ‘ட்ர்ர்’ என்றதும் எல்லோரும் முன்னால் சாய்வார்கள். ஆடிட்டர் மனைவி போனைக் கையிலெடுத்து, கண்ணைச் சுருக்கி எண்களைப் படிப்பார்.

“ஏழு, நாலு, நாலு... இது யாருது?”

“என்னுதுங்க்கா.”

“என்னுதா இருக்கும். நான்தான் முன்னாடி போட்டேன்.”

ஒருவருடைய எண் இன்னொருவருக்குப் போய், வேலை நடக்காமல், மறுபடி கேட்டு, மறுபடி வந்தது. அந்த அம்மா ஒரு கட்டத்தில் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“உசுரோட இருந்தப்ப சாரு சாருன்னு கூப்பிட்டீங்க. இப்ப வந்து நம்பரு நம்பருங்கறீங்க. வந்தவங்கள்ல ஒருத்தராச்சும் சாப்ட்டியான்னு கேட்டீங்களா?”

சிமெண்ட் கடைக்காரர், “ரீசார்ஜ் பண்ணி வுட்டிருக்கறோம்கா, வருஷத்துக்கும் சேத்து” என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

மகள் எழுந்து அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போனவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பெண்களும் டம்ளர்களோடு வெளியே வந்தார்கள். எங்கள் முறை வந்தபோது சாயங்காலம். பாலக்கோட்டில் ஒரு பெண் ஆடிட்டரை நாங்கள் பிடித்திருந்தோம், தேர்வெழுதித் தேறியவர். இறந்தவரை நம்பியிருந்த பாதிப் பேர் அவர் தலையில் விழுந்திருந்தார்கள். அவர் அங்கே கம்ப்யூட்டரில் தட்ட, இங்கே விளக்குக்கு முன்னால் எண் வர, மகள் அதைச் சொல்ல, விடுபட்ட கணக்குகள் எல்லாம் தாமதக் கட்டணத்துடன் ஏறின. ஆனி பிறந்ததும் பதிவை மீட்கும் விண்ணப்பமும் ஏறியது. அதற்கும் ஓர் ஓ.டி.பி. கூடவே, பதிவில் உள்ள கைபேசி எண்ணை மாற்றித் தரும்படி, இறப்புச் சான்றின் நகலை வைத்து ஒரு மனுவை நானே எழுதி, நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வந்தேன். எழுதியதில் குறை சொல்ல முடியாது. குறை சொல்லும் சீட்டில் இருந்தவன் நான்.

முப்பது நாள் என்று மகளிடம் உறுதியாகச் சொன்னேன். “விதியே இருக்குதும்மா.” அவள் பெங்களூருக்கும் அதையே சொன்னாள். இடையில் ரத்தான எண்ணோடு பில் போடக் கூடாது என்றும் நான்தான் சொன்னேன். ரத்தான எண்ணைப் பலகையில் காட்டிக்கொண்டு தொழில் நடத்துவதும் சரியில்லை. அவள் பலகையைக் கழற்றி, சுவரைப் பார்த்தபடித் திருப்பிச் சாய்த்து வைத்தாள். உள்ளூர்க் கடைகளுக்குச் சில்லறையாகத் தைத்தார்கள். அது ஆறு பேருக்குப் போதவில்லை. முதலில் ஒருத்தி, பிறகு இரண்டு பேர், காலையில் ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போனாள். “கோச்சுக்காதக்கா. மறுபடி ஓடுச்சுன்னா ஒரு போன் போடு, வந்துடறேன்.” மற்ற இரண்டு பேர் சொல்லவில்லை.

முப்பது நாள் கழிந்தது. மாவட்டத் தலைநகரில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று அடையாளம் வேண்டாம். நானும் அரசாங்க ஓய்வூதியம் வாங்குகிறவன். அங்கிருந்த அலுவலர் மரியாதையானவர், உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“நோட்டீஸ் அனுப்பியிருக்கே சார். கட்டட வாடகைப் பத்திரம் தெளிவா இல்லைன்னு. பதில் வரலை.”

“யாருக்கு அனுப்பினீங்க?”

“பதிவுல இருக்கற நம்பருக்கும் மெயிலுக்கும்.”

“அந்த நம்பர்காரர் இறந்துட்டார்.”

“அப்ப நம்பரை மாத்தியிருக்கணும் சார்.”

“மாத்தச் சொல்லி மனு கொடுத்திருக்கேன். இதோ முத்திரை.”

அவர் முத்திரையை வாங்கிப் பார்த்தார். நல்ல முத்திரை என்று பாராட்டப் போகிறவர் போல இருந்தது.

“அது வேற சீட்டு. அந்த சீட்டுல இப்ப ஆள் இல்லை. அதோட, ஒருத்தர் நம்பரை எடுக்கறதுன்னா அவரோட சம்மதக் கடிதம் இருந்தா நல்லது.”

“இறந்தவரோட சம்மதமா?”

“அவரோட வாரிசுகள் கொடுக்கலாம் சார்” என்றார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். அது தெரிந்ததால் கோபப்படவும் முடியவில்லை. வாடகைப் பத்திரத்தைக் கையிலேயே வைத்திருந்தேன், நீட்டினேன். தாளாக வாங்க வழியில்லை, ஆன்லைனில்தான் ஏற்ற வேண்டும் என்றார். ஏற்ற ஓ.டி.பி. வேண்டும்.

மறுநாள் ஆடிட்டர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். செருப்புகள் இல்லை. படம் இருந்தது, படத்துக்குக் கீழே போன் இல்லை. கேட்டதற்கு அந்த அம்மா, “அமத்தி பீரோல போட்டுட்டேன் சார்” என்றார். ஒரு வியாபாரி வாசலில் நின்று, உன் புருஷன்தான் என்னைக் கெடுத்தான் என்று கத்திவிட்டுப் போனாராம். அன்றைக்கு அணைத்ததுதான்.

அந்த அறிவிப்பு ஏன் எங்களுக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டார்.

“உங்களுக்கு என் வூட்டு போன் வேணும். சரி. எனக்கு என்ன வேணும்னு கேக்க மாட்டீங்களா?”

“சொல்லுங்கம்மா.”

“பேங்குல அவரு பேர்ல இருக்கறதை எடுக்க வாரிசு சான்று கேக்கறாங்க. மூணு தடவை போனேன். அந்தத் தாளு இல்ல, இந்தத் தாளு இல்லன்னு அனுப்பறாங்க. ஊருக்கெல்லாம் தாளு எழுதிக் குடுத்தாரு மனுசன். தனக்குன்னு ஒரு தாளு எழுதி வெக்கல. நீங்க அந்த ஆபீஸ்லதான இருந்தீங்க?”

அந்த அலுவலகத்தில்தான் இருந்தேன். வாரிசுச் சான்றில் எனக்குத் தெரியாத பத்தி இல்லை. எனக்குப் பின் என் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் எந்த விதியின்படி, எந்தத் தேதியிலிருந்து வரும் என்பதும் தெரியும், அவளுக்கும் மனப்பாடம். ஊருக்கே கணக்குப் பார்த்தவரின் மனைவிக்கு அப்படி ஒரு விதி கிடையாது. அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினேன். அவர் உள்ளே போய்ப் போனைக் கொண்டுவந்து உயிர்ப்பித்தார். அது நெடுநேரம் அதிர்ந்துகொண்டே இருந்தது. யாருக்கெல்லாமோ வந்து, யாரும் படிக்காமல் காலாவதியான எண்கள்.

“தினமும் பத்து மணிக்குப் போட்டு, சாயந்திரம் வரைக்கும் வெச்சிருக்கறேன் சார்” என்றார். “உங்க பாப்பாவுது வந்தா சொல்றேன். மத்தவங்களுக்குக் கிடையாது.”

“இது எங்க பாப்பாவுதுன்னு எப்படித் தெரியும்?”

“இங்கிலீஷ்ல அவ பேரு எழுதித் தந்துட்டுப் போங்க. அதே மாதிரி இருந்தா கண்டுபுடிச்சுக்கறேன்.”

எழுதிக் கொடுத்தேன். அதைப் படத்தின் சட்டத்தில் செருகி வைத்தார்.

பதில் ஏறியது. அவருடைய வாரிசுச் சான்று வந்தது. வந்ததும் சம்மதக் கடிதமும் கொடுத்தார். எங்கள் ஆணை வரவில்லை. அலுவலர் மாற்றலில் போய்விட்டார். அவர் இடத்தில் கூடுதல் பொறுப்பு வகித்தவர் வேறு ஊரிலிருந்து எப்போதாவது வந்தார். நான் நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். அதற்கு நினைவூட்டு எழுதினேன். மேல் அலுவலருக்கு நகலிட்டு எழுதினேன். என் காலத்தில் இப்படி வரும் கடிதங்களை நாங்கள் ஒரு கட்டில் போட்டு, ‘ஓய்வு பெற்றவர்’ என்று அந்தக் கட்டுக்குப் பெயர் வைத்திருந்தோம். புதிதாகவே பதிவு எடுத்துவிடலாமே என்று மகள் கேட்டாள். பழையது தீராமல் அதே பான் எண்ணுக்குப் புதியது கிடைப்பது இதைவிடக் கஷ்டம் என்றார் பாலக்கோட்டு ஆடிட்டர்.

ஆவணி பிறந்தது. பெங்களூர் வியாபாரி கூப்பிட்டார். நல்ல மனிதர், இன்னும் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு மறுபடி கூப்பிட்டார்.

“மேடம், தப்பா நெனக்காதீங்க. ஈரோட்டுல குடுத்துட்டேன். எனக்கும் தீபாவளி நிக்காது.”

“சரிங்க சார்.”

“நம்பர் வந்ததும் சொல்லுங்க. பொங்கலுக்குப் பாக்கலாம்.”

“சரிங்க சார்.”

போனை வைத்துவிட்டு அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடாத மிஷின்களுக்கு ஒவ்வொன்றாக எண்ணெய் விட்டாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். “இன்னும் ஒரு லெட்டர் எழுதறேன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா” என்றாள். நான் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

மூன்று மிஷின்கள் விலைக்குப் போயின. ஓசூரில் ஒரு பை வியாபாரி துணியை வெட்டி அனுப்ப, அவர் பெயர் அச்சிட்ட பைகளைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். கூலி வேலைக்குப் பதிவு தேவையில்லை. அந்த அளவுக்கு அது சிறியது. அவள் தைத்ததை அவர் தன் பெயரில் பில் போட்டு விற்றார். மீதி மூன்று பெண்கள் கூட இருந்தார்கள். மாதம் பிறந்தால் அவர் வேன் வரும், கூலி வரும். “உங்களுது மாதிரியே ஆயிடுச்சுப்பா” என்றாள் ஒரு நாள். அதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆயுதபூஜை அன்று கூடத்தைக் கழுவி விட்டார்கள். நான்கு மிஷின்களுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. கத்தரிக்கோலுக்கும் இஞ்ச் டேப்புக்கும் பொட்டு. என் மனைவி பொரியும் கடலையும் கொண்டுவந்திருந்தாள். மூன்று மிஷின்கள் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது; தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. தேங்காய் உடைக்கப் போகும் நேரத்தில் மகளுடைய போன் அடித்தது. திரையில் ஆடிட்டரின் பெயர். அந்தப் பெயர் வரும்போதெல்லாம் வீட்டில் இன்னும் யாராவது ஒருவர் திடுக்கிடுவோம்.

“பாப்பா, நான்தான். இன்னிக்குப் பூஜைக்கு அவரு போனுக்கும் பொட்டு வெச்சேன். வெக்கறப்பவே சத்தம் போட்டுச்சு. உங்கப்பா எழுதிக் குடுத்த பேரு மாதிரியே இருக்குது. கீழ பெருசா ஏதோ இருக்குது, எழுத்தெழுத்தா சொல்றேன், இருங்க.”

அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, மகள் உதட்டுக்குள் கூட்டிப் படித்தாள். பதிவை ரத்து செய்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது என்று அதற்குப் பொருள். விரல்களில் இருந்த சந்தனத்தோடு அப்படியே நின்றாள்.

“நல்ல சேதிதானா கண்ணு?” என்று அந்தப் பக்கம் கேட்டது.

“நல்ல சேதிதான்கா.”

“அப்ப இந்த போனை இனி அமத்திடலாமா?”

மகள் என்னைப் பார்த்தாள். எண்ணை மாற்றக் கேட்ட மனு இன்னும் அந்த ஆளில்லாத சீட்டில்தான் இருந்தது. நான் தலையை இல்லை என்று ஆட்டினேன்.

“கொஞ்ச நாளு இருக்கட்டும்கா” என்றாள்.

போனை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பலகையைத் திருப்பினாள். ஒட்டடையைத் தட்டினாள். தன் பெயருக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள், எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று. மாட்டவில்லை, மிஷின்களின் வரிசையில், காலியாக இருந்த இடத்தில் நிறுத்தினாள். என் மனைவி கற்பூரத்தை ஏற்றினாள்.

அலுவலகங்களுக்கு எல்லாம் அன்று அரசு விடுமுறை. ஆணை மட்டும் வேலைக்கு வந்திருந்தது. விண்ணப்பம் போட்டது ஆனியில். பதில் வந்தது புரட்டாசியில், ஆயுதபூஜை அன்று.